கீக்ளோக் சர்வரை என்ட்ரா ஐடியுடன் சாமல் வழியாக இணைப்பது: முழுமையான வழிகாட்டி

அலுவலகத்தில் எல்லோருக்கும் மைக்ரோசாஃப்ட் 365 கணக்கு இருக்கிறது. உள்ளே ஓடும் விக்கி, டிக்கெட் செயலி, கிராஃபானா எல்லாம் கீக்ளோக் (பல செயலிகளுக்கும் லாகினைக் கவனிக்கும் சர்வர்) வழியாக லாகின் ஆகின்றன. இரண்டுக்கும் தொடர்பில்லை என்றால் ஆளுக்கு இரண்டு பாஸ்வேர்டு. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை ஒரு பக்கம் மூடிவிட்டு மறுபக்கம் மறந்துபோவதும் நடக்கும். கீக்ளோக் தானே பாஸ்வேர்டு கேட்காமல் ஆளை என்ட்ராவிடம் (மைக்ரோசாஃப்ட் 365 கணக்குகளின் லாகினைக் கவனிக்கும் சேவை) அனுப்பி, அங்கிருந்து வரும் சாமல் பதிலை (ஆள் யார் என்று ஒரு தளம் இன்னொன்றுக்குக் கையெழுத்திட்டுச் சொல்லும் முறை) நம்பி உள்ளே விட்டால் இந்தத் தொல்லை தீரும். அதைச் செய்வது எப்படி என்பதுதான் இங்கே.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். சாமல் இணைப்பு என்பது பெரும்பாலும் இரண்டு பக்கமும் சில எழுத்துச் சரங்களை அச்சுப் பிசகாமல் ஒத்துப்போக வைக்கிற வேலை. கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் ஒத்துப்போகாது. அதனால் எந்த முகவரியையும் கையால் அடிக்காதீர்கள், காப்பி செய்து ஒட்டுங்கள். (திரையில் ஆங்கிலத்தில் தெரியும் பொத்தான், புலப் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறோம்.)

யார் எந்தப் பக்கம்?

சாமல் 2.0 என்பது ஓயாசிஸ் அமைப்பு 2005 மார்ச்சில் வெளியிட்ட தரநிலை. அதில் இரண்டு பாத்திரங்கள்: ஆளை அடையாளம் காட்டும் ஐடிபி (ஐடென்டிட்டி புரொவைடர்), அந்தச் சொல்லை நம்பும் எஸ்பி (சர்வீஸ் புரொவைடர்). நம் அமைப்பில் கீக்ளோக்குக்கு இரண்டு முகம். உள்ளே இருக்கும் செயலிகளுக்கு அது ஐடிபி, என்ட்ராவுக்கு முன்னால் அது எஸ்பி. பலர் தடுமாறுவது இங்கேதான். கீக்ளோக் மெனுவில் ‘கிளையண்ட்ஸ்’ பகுதிக்குப் போய் என்ட்ராவைச் சேர்க்கப் பார்ப்பார்கள். அந்தப் பகுதி விக்கி, கிராஃபானா போன்றவற்றுக்கு. நமக்கு வேண்டியது ‘ஐடென்டிட்டி புரொவைடர்ஸ்’.

லாகின் நேரத்தில் இரண்டு சர்வர்களும் நேரடியாகப் பேசிக்கொள்வதே இல்லை. கீக்ளோக் எழுதும் கோரிக்கையை பிரவுசர் என்ட்ராவுக்குச் சுமந்து போகிறது, என்ட்ரா கையெழுத்திட்ட பதிலை அதே பிரவுசர் திரும்பக் கொண்டுவருகிறது. ஆகவே கீக்ளோக் அலுவலக நெட்வொர்க்குக்குள் மட்டும் தெரிந்தாலும் போதும், என்ட்ராவுக்காக ஃபயர்வாலில் ஓட்டை போட வேண்டாம். மெட்டாடேட்டாவை (என்ட்ராவின் முகவரிகளும் சான்றிதழும் அடங்கிய கோப்பு) எடுத்துவர கீக்ளோக் வெளியே போக முடிந்தால் சரி.

தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

பதிப்பு: 2024 செப்டம்பரில் கீக்ளோக்கின் சாமல் கையெழுத்துச் சோதனையில் ஒரு ஓட்டை வெளியானது, எண் சிவிஇ-2024-8698. கையெழுத்து எந்தப் பகுதிக்கு உரியது என்பதை அது இருக்கும் இடத்தை வைத்து முடிவு செய்ததுதான் தவறு. திருத்தம் 25.0.6இல் வந்தது. அதற்கு முந்தையதை ஓட்டிக்கொண்டு சாமலை இயக்காதீர்கள்.

ஹெச்டிடிபிஎஸ்: என்ட்ராவின் பதில் வேறொரு தளத்திலிருந்து போஸ்ட் ஆக வருகிறது. அப்போது பிரவுசர் கீக்ளோக்கின் குக்கியையும் சேர்த்து அனுப்ப வேண்டுமானால் அது ‘செக்யூர்’ குக்கியாக இருக்க வேண்டும். வெறும் ஹெச்டிடிபியில் ஓட்டினால் ‘குக்கி நாட் ஃபவுண்ட்’ என்று நின்றுவிடும்.

ரிவர்ஸ் பிராக்ஸி: வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கி கீக்ளோக்குக்குக் கடத்தும் என்ஜின்எக்ஸ் போன்ற சர்வர் முன்னால் இருந்தால், கீக்ளோக்கில் ‘ஹோஸ்ட்நேம்’ அமைப்பில் வெளியே தெரியும் முழு முகவரியைக் கொடுங்கள். ‘பிராக்ஸி ஹெடர்ஸ்’ அமைப்பை ‘எக்ஸ்ஃபார்வர்டட்’ ஆக்குங்கள். என்ஜின்எக்ஸும் அந்த ஹெடர்களை அனுப்ப வேண்டும். இதைத் தவறவிட்டால் கீக்ளோக் தன் முகவரியில் 8080 போர்ட்டையோ வெறும் ஹெச்டிடிபியையோ சேர்த்துக் காட்டும். அதை அப்படியே என்ட்ராவில் ஒட்டுவீர்கள், பிறகு எதுவும் ஒத்துவராது.

கடிகாரம்: சாமல் பதிலில் ‘இந்த நேரத்துக்கு முன் செல்லாது, இந்த நேரத்துக்குப் பின் செல்லாது’ என்று எழுதியிருக்கும். சர்வரில் குரோனி (நேரத்தை ஒத்திசைக்கும் நிரல்) ஓடுகிறதா, நேரம் ஒத்திசைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இவை தவிர, கீக்ளோக்கில் ‘மாஸ்டர்’ அல்லாத தனி ரியல்ம் (தனக்கென்று பயனர்களும் செயலிகளும் அமைப்புகளும் கொண்ட பகுதி) வேண்டும். என்ட்ராவில் ‘கிளவுட் அப்ளிகேஷன் அட்மினிஸ்ட்ரேட்டர்’ அல்லது ‘அப்ளிகேஷன் அட்மினிஸ்ட்ரேட்டர்’ பொறுப்பு போதும், குளோபல் அட்மின் தேவையில்லை.

படி 1: கீக்ளோக்கில் பாதி வேலை

உங்கள் ரியல்மைத் தேர்ந்து, ‘ஐடென்டிட்டி புரொவைடர்ஸ்’ பக்கத்தில் ‘சாமல் வி2.0’ என்பதைச் சொடுக்குங்கள். முதல் புலம் ‘ஏலியஸ்’. ‘என்ட்ரா’ என்பது போல் சிறியதாக, இடைவெளி இல்லாமல், ஆங்கிலச் சிற்றெழுத்தில் வையுங்கள். இந்தப் பெயர் முகவரிக்குள்ளேயே போய்ச் சேர்கிறது. பிறகு மாற்றினால் என்ட்ரா பக்கமும் மாற்ற வேண்டிவரும்.

ஏலியஸ் கொடுத்ததும் ‘ரீடைரக்ட் யூஆர்ஐ’ தெரியும். அதன் வடிவம்: உங்கள் டொமைன், சாய்கோடு ‘ரியல்ம்ஸ்’, ரியல்ம் பெயர், ‘புரோக்கர்’, ஏலியஸ், ‘எண்ட்பாயிண்ட்’. அதன் கீழே ‘சர்வீஸ் புரொவைடர் என்டிட்டி ஐடி’. தானாக நிரம்பும் மதிப்பு ரியல்மின் முகவரி வரை மட்டும் இருக்கும். இரண்டையும் காப்பி செய்துகொள்ளுங்கள். மீதியை நிரப்ப என்ட்ராவின் மெட்டாடேட்டா முகவரி வேண்டும், ஆகவே இந்த டேபை மூடாமல் அடுத்ததில் என்ட்ராவைத் திறங்கள்.

படி 2: என்ட்ராவில் செயலியை உருவாக்குதல்

‘என்டர்பிரைஸ் அப்ளிகேஷன்ஸ்’ போய், ‘நியூ அப்ளிகேஷன்’, ‘கிரியேட் யுவர் ஓன் அப்ளிகேஷன்’. பெயர் கொடுத்து, கேலரியில் இல்லாத செயலி என்ற தெரிவை எடுங்கள். உருவானதும் ‘சிங்கிள் சைன்-ஆன்’ பகுதியில் ‘சாமல்’ என்பதைத் தேர்ந்தால் பெட்டிகள் வரிசையாக நிற்கும்.

முதல் பெட்டியில் ‘ஐடென்டிஃபையர்’ என்பதில் கீக்ளோக்கின் என்டிட்டி ஐடி, ‘ரிப்ளை யூஆர்எல்’ என்பதில் ரீடைரக்ட் யூஆர்ஐ. இரண்டையும் இடம் மாற்றிப் போடுவது சர்வசாதாரணம். நீளமானது ரிப்ளை யூஆர்எல் என்று நினைவில் வையுங்கள். ‘சைன் ஆன் யூஆர்எல்’ கட்டாயமில்லை, ஆனால் நிரப்பிவிடுவது நல்லது. விக்கி போன்ற ஒரு செயலியின் முகவரியைக் கொடுத்தால், மைக்ரோசாஃப்டின் ‘மை ஆப்ஸ்’ பக்கத்தில் அதன் சின்னத்தைச் சொடுக்குபவர் அந்தச் செயலிக்குப் போய் அங்கிருந்து முறைப்படி கீக்ளோக்குக்கு வருவார். காலியாக விட்டால் கீக்ளோக் கேட்காமலேயே என்ட்ரா ஒரு பதிலை அனுப்பும். கேட்காத பதிலை எந்த லாகினோடு சேர்ப்பது என்று தெரியாமல் கீக்ளோக் பிழை காட்டும்.

மூன்றாவது பெட்டியில் சான்றிதழ். ‘சைனிங் ஆப்ஷன்’ இயல்பாக அசெர்ஷனுக்கு (பதிலுக்குள் ஆளைப் பற்றிய விவரம் உள்ள பகுதி) மட்டும் கையெழுத்திடும். அதை ‘ரெஸ்பான்ஸ் அண்ட் அசெர்ஷன்’ என்று மாற்றுங்கள், அல்காரிதம் ஷா-256 ஆகவே இருக்கட்டும். அதே பெட்டியில் ‘ஆப் ஃபெடரேஷன் மெட்டாடேட்டா யூஆர்எல்’ இருக்கும், அதைக் காப்பி செய்யுங்கள். அதன் வாலில் கேள்விக்குறிக்குப் பிறகு செயலியின் ஐடி ஒட்டியிருக்க வேண்டும். அந்த வால் இல்லாத முகவரி டெனன்ட் (உங்கள் நிறுவனத்தின் என்ட்ரா அமைப்பு) முழுமைக்குமானது. அதிலுள்ள சாவி வேறு, உங்கள் செயலியின் கையெழுத்தோடு பொருந்தாது.

கடைசியாக ‘யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்’ பகுதியில் சோதனைக்கு ஒருவரைச் சேருங்கள். குரூப்பையே சேர்க்க என்ட்ரா ஐடி பி1 உரிமம் வேண்டும். குரூப்புக்குள் குரூப் இருந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு அனுமதி போய்ச் சேராது.

படி 3: எந்த அடையாளத்தை நம்புவது?

இந்த முடிவைப் பாதியில் மாற்றினால் வலிக்கும், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

திரும்பி வருபவரை ‘இவர் அதே ஆள்தான்’ என்று கீக்ளோக் அடையாளம் காண ஒரு மதிப்பு வேண்டும். இயல்பாக அது சாமல் பதிலில் உள்ள நேம் ஐடி. என்ட்ராவில் நேம் ஐடிக்கு யூபிஎன், அதாவது லாகின் பெயர், மின்னஞ்சல் வடிவில் அமைந்திருக்கும். ஆனால் கீக்ளோக் கோரிக்கையில் ‘பெர்சிஸ்டன்ட்’ வடிவம் கேட்கிறது. கோரிக்கையில் உள்ள வடிவத்துக்குத்தான் என்ட்ரா மதிப்புக் கொடுக்கும். அந்தப் பயனர், அந்தச் செயலி என்ற ஜோடிக்கென்று உருவாக்கிய புரியாத சரம் ஒன்றை அனுப்பும். என்ட்ராவில் மின்னஞ்சல் என்று தெளிவாக எழுதியிருக்க, கீக்ளோக்கில் யூசர்நேம் ஏதோ குப்பையாக வருகிறதே என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான்.

கீக்ளோக்கில் அந்த வடிவத்தை ‘ஈமெயில்’ என்று மாற்றினால் யூபிஎன் வரும். ஆனால் பெயர் மாறினாலோ நிறுவனத்தின் டொமைன் மாறினாலோ யூபிஎன்னும் மாறும், மறுநாள் அந்த ஊழியர் கீக்ளோக்குக்குப் புது ஆள். எங்கள் பரிந்துரை ஆப்ஜெக்ட் ஐடி. அது என்ட்ரா கணக்கோடு பிறந்து கணக்கோடு போகும். ‘ஆப்ஜெக்ட்ஐடென்டிஃபையர்’ என்று முடியும் ஆட்ரிபியூட்டாக (பதிலில் வரும் பெயர்-மதிப்பு ஜோடி, என்ட்ரா இதை ‘கிளெய்ம்’ என்கிறது) ஒவ்வொரு பதிலிலும் தானாகவே வருகிறது. கீக்ளோக்கில் ‘பிரின்சிபல் டைப்’ என்பதை ‘ஆட்ரிபியூட் நேம்’ ஆக்கி, கீழே அந்த ஆட்ரிபியூட்டின் முழுப் பெயரை ஒட்டினால் முடிந்தது.

முழுப் பெயர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். என்ட்ராவின் ‘கிளெய்ம்’ பெயர்கள் இணைய முகவரி போல நீளமாக இருக்கும். ‘கிவன்நேம்’ என்பது அதன் வால் மட்டும். தொடக்கத்தில் உள்ள நேம்ஸ்பேஸையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால் கீக்ளோக் கண்டுகொள்ளாது, பிழையும் காட்டாது. புலம் சும்மா காலியாக இருக்கும்.

படி 4: கீக்ளோக்கில் மீதிப் பாதி

விட்ட டேபுக்குத் திரும்புங்கள். ‘யூஸ் என்டிட்டி டிஸ்கிரிப்டர்’ இயக்கத்தில் இருக்க, மெட்டாடேட்டா முகவரியை ஒட்டுங்கள். லாகின் முகவரி, லாகவுட் முகவரி, சான்றிதழ் மூன்றும் தானாக நிரம்பும். சேமித்த பிறகு கீழுள்ளவற்றைக் கையால் பாருங்கள்.

‘ஹெச்டிடிபி-போஸ்ட் பைண்டிங் ரெஸ்பான்ஸ்’ இயக்கத்தில் இருக்கட்டும், என்ட்ரா பதிலை அப்படித்தான் அனுப்பும். கோரிக்கைக்கான போஸ்ட் பைண்டிங்கை அணைத்தே வையுங்கள். ‘வாண்ட் அசெர்ஷன்ஸ் சைன்ட்’, ‘வேலிடேட் சிக்னேச்சர்ஸ்’ இரண்டும் கட்டாயம் இயக்கத்தில். ஏதோ பிழை வருகிறது என்று ‘வேலிடேட் சிக்னேச்சர்ஸ்’ஸை அணைத்தால் லாகின் வேலை செய்யும். கூடவே, கையால் ஒரு எக்ஸ்எம்எல் எழுதத் தெரிந்த எவரும் யார் பெயரிலும் உள்ளே வரலாம். சோதனைக்காகக்கூட அணைக்காதீர்கள், அணைத்தது அப்படியே மறந்துபோகும்.

கீக்ளோக் தன் கோரிக்கைக்குக் கையெழுத்திடும் ‘வாண்ட் ஆத்ன்ரிக்வெஸ்ட்ஸ் சைன்ட்’ இப்போதைக்கு வேண்டாம். என்ட்ராவில் தனியாக ஏற்பாடு செய்யாவிட்டால் அது அந்தக் கையெழுத்தைச் சோதிப்பதே இல்லை. ‘அலவ்ட் கிளாக் ஸ்கியூ’ (கடிகாரங்களுக்கிடையே அனுமதிக்கும் வித்தியாசம்) 30 வினாடி போதும். ‘ரிக்வெஸ்டட் ஆத்ன்கான்டெக்ஸ்ட்’ பகுதியைக் காலியாக விடுங்கள். அங்கே பாஸ்வேர்டு முறைதான் வேண்டும் என்று கேட்டுவைத்தால், கைரேகையாலோ ஃபோன் ஒப்புதலாலோ ஏற்கெனவே லாகின் ஆனவரை என்ட்ரா 75011 என்ற பிழையோடு திருப்பி அனுப்பும்.

படி 5: மேப்பர்கள்

பதிலில் வரும் விவரத்தை எடுத்து கீக்ளோக் கணக்கில் போடும் விதிதான் மேப்பர். பிரின்சிபல் ஆப்ஜெக்ட் ஐடி ஆகிவிட்டதால் யூசர்நேமும் அதுவாகவே வந்து நிற்கும். ‘யூசர்நேம் டெம்ப்ளேட் இம்போர்ட்டர்’ மேப்பரைச் சேர்த்து, டெம்ப்ளேட்டில் ‘நேம்’ என்று முடியும் கிளெய்மின் முழுப் பெயரைக் கொடுங்கள். அது யூபிஎன்னைத் தரும். ‘டார்கெட்’ புலம் ‘லோக்கல்’ ஆகவே இருக்கட்டும். முதல் பெயர், கடைசிப் பெயர், மின்னஞ்சல் மூன்றுக்கும் ‘ஆட்ரிபியூட் இம்போர்ட்டர்’. மின்னஞ்சல் கிளெய்ம் என்ட்ராவின் ‘மெயில்’ புலத்திலிருந்து வருவது. மெயில்பாக்ஸ் இல்லாத ஒப்பந்தப் பணியாளர்களுக்கு அது காலியாக இருக்கலாம். அவர்கள் மட்டும் முதல் லாகினில் ‘உங்கள் விவரத்தை நிரப்புங்கள்’ என்ற பக்கத்தில் நிற்பார்கள்.

துறை, ஊழியர் எண் போன்ற கூடுதல் விவரங்களை இறக்குவதானால் இன்னொரு இடமும் இருக்கிறது. கீக்ளோக் 24 முதல், ‘ரியல்ம் செட்டிங்ஸ்’ கீழ் ‘யூசர் புரொஃபைல்’ பட்டியலில் இல்லாத ஆட்ரிபியூட்டுகள் இயல்பாக ஏற்கப்படுவதில்லை. முதலில் அங்கே சேர்த்துவிட்டுப் பிறகு மேப்பர் போடுங்கள்.

அனுமதிகளுக்கு என்ட்ராவின் குரூப்புகளை அனுப்பலாம், ஆனால் நாங்கள் அதை விரும்புவதில்லை. குரூப்புகள் பெயராக வராமல் நீண்ட ஐடியாக வரும். ஒருவர் 150 குரூப்புக்கு மேல் இருந்தால் சாமல் பதிலில் பட்டியலே வராது, வேறிடத்தில் போய்க் கேள் என்ற இணைப்புதான் வரும். அதிலும் பாதிக்கப்படுவது பெரும்பாலும் நெடுநாள் பணியாளர்களும் மேலதிகாரிகளும்தான். அதைவிட ‘ஆப் ரோல்ஸ்’ எளிது. செயலியிலேயே ‘விக்கி-எடிட்டர்’ போல் ஒரு ரோலை உருவாக்கி ஆட்களுக்குக் கொடுத்தால், அதே பெயர் பதிலில் வரும். கீக்ளோக்கில் ‘சாமல் ஆட்ரிபியூட் டு ரோல்’ மேப்பரால் பிடித்துக்கொள்ளலாம். அந்த மேப்பரின் ‘சிங்க் மோட்’ கட்டாயம் ‘ஃபோர்ஸ்’ ஆக இருக்க வேண்டும். ‘இம்போர்ட்’ என்றால் முதல் லாகினில் மட்டும் ஓடும். என்ட்ராவில் ரோலைப் பறித்தாலும் கீக்ளோக்கில் அது ஒட்டிக்கொண்டே இருக்கும்.

படி 6: ஏற்கெனவே இருக்கும் கணக்குகள்

கீக்ளோக்கில் அதே மின்னஞ்சலோடு பழைய கணக்கு இருந்தால், முதல் முறை வருபவரிடம் ‘இந்தக் கணக்கு இருக்கிறதே, இணைக்கவா?’ என்று கேட்டு, மின்னஞ்சலாலோ பழைய பாஸ்வேர்டாலோ உறுதி செய்யச் சொல்லும். பத்துப் பேர் என்றால் பரவாயில்லை. நூற்றுக்கணக்கில் என்றால் ஹெல்ப்டெஸ்க் தாங்காது. அப்போது ‘ஃபர்ஸ்ட் புரோக்கர் லாகின்’ ஃப்ளோவுக்குப் (லாகினில் நடக்கும் படிகளின் வரிசை) பதிலாக ‘டிடெக்ட் எக்ஸிஸ்டிங் புரோக்கர் யூசர்’, ‘ஆட்டோமேட்டிக்கலி செட் எக்ஸிஸ்டிங் யூசர்’ என்ற இரண்டு படிகளை மட்டும் வைத்துப் புதிய ஃப்ளோ அமைத்து, ஐடிபி பக்கத்தில் அதைத் தேர்ந்தெடுக்கலாம். இணைப்பு கேள்வியின்றி நடக்கும்.

ஆனால் அதில் ஆபத்தும் உண்டு. என்ட்ராவின் மெயில் புலம் நிர்வாகி எழுதி வைக்கும் ஒரு விவரம், அந்த மின்னஞ்சல் அவருடையதுதான் என்பதற்குச் சான்று ஆகாது. அதில் தவறாக மேலாளரின் முகவரி இருந்தால் மேலாளரின் கணக்கே திறக்கும். மாற்றம் முடிந்து ஆட்கள் இணைந்ததும் பழைய ஃப்ளோவுக்குத் திரும்பிவிடுங்கள். கீக்ளோக் நிர்வாகி அதிகாரம் உள்ள கணக்குகளை இந்த வழியில் இணைக்கவே வேண்டாம்.

படி 7: சோதனை, பதிலைப் பிரித்துப் பார்ப்பது

புதிய இன்காக்னிட்டோ சன்னலில் செயலியைத் திறந்து, லாகின் பக்கத்தில் என்ட்ரா பொத்தானை அழுத்துங்கள். சிக்கல் வந்தால் எந்தத் திரையில் வந்தது என்று முதலில் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் திரையில் நின்றால் கோரிக்கையிலோ என்ட்ரா அமைப்பிலோ தவறு. கீக்ளோக் திரையில் நின்றால் பதிலில் தவறு. பாதித் தேடல் இதிலேயே குறையும்.

மைக்ரோசாஃப்ட் திரை என்றால் எண் போதும். 700016: ஐடென்டிஃபையர் ஒத்துப்போகவில்லை. 50011: ரிப்ளை யூஆர்எல் ஒத்துப்போகவில்லை. 50105: ஆளைச் செயலியில் சேர்க்கவில்லை.

கீக்ளோக் திரை மழுப்பலாகவே பேசும். பதிலை எடுத்துப் பார்ப்பதுதான் வழி. எஃப்12 அழுத்தி, ‘நெட்வொர்க்’ டேபில் ‘பிரிசர்வ் லாக்’ தெரிவைப் போட்டு, மறுபடி லாகின் செய்யுங்கள். ‘எண்ட்பாயிண்ட்’ என்று முடியும் போஸ்ட் கோரிக்கையில் ‘சாமல்ரெஸ்பான்ஸ்’ என்ற நீண்ட சரம் இருக்கும். அதை உங்கள் கணினியிலேயே பேஸ்64 கொண்டு அவிழுங்கள். இணையத்தில் கிடைக்கும் டிகோடர் பக்கங்களில் ஒட்டாதீர்கள், அது இன்னும் உயிரோடு இருக்கும் அனுமதிச் சீட்டு. (கோரிக்கையை இப்படி அவிழ்த்தால் குப்பைதான் வரும், ஏனென்றால் அது டிஃப்ளேட் முறையில் சுருக்கியும் இருக்கும். ‘சாமல்-டிரேசர்’ எக்ஸ்டென்ஷன் இரண்டையும் அவிழ்த்துக் காட்டும்.)

எக்ஸ்எம்எல்லில் மேலிருந்து கீழே வாருங்கள். முதல் வரியிலேயே ‘டெஸ்டினேஷன்’. அது கீக்ளோக்கின் எண்ட்பாயிண்ட் முகவரியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். லாகில் ‘இன்வேலிட் டெஸ்டினேஷன்’ என்று வந்தால் குற்றவாளி பெரும்பாலும் ரிவர்ஸ் பிராக்ஸிதான். பதிலில் ஹெச்டிடிபிஎஸ் இருக்கும், கீக்ளோக் தன்னை ஹெச்டிடிபி என்று நினைத்துக்கொண்டிருக்கும். அடுத்து ‘சிக்னேச்சர்’. அதற்குள் இருக்கும் சான்றிதழின் முதல் சில எழுத்துகளையும் கடைசி சில எழுத்துகளையும் கீக்ளோக்கில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். நடுப்பகுதியை விட்டுவிடலாம். வேறாக இருந்தால் வால் இல்லாத மெட்டாடேட்டாவைக் கொடுத்திருக்கிறீர்கள், அல்லது என்ட்ராவில் சான்றிதழ் மாறியிருக்கிறது. பிறகு ‘கண்டிஷன்ஸ்’. அங்குள்ள இரண்டு நேரங்களும் யூடிசியில் இருக்கும், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிப் பாருங்கள். அதற்குள் ‘ஆடியன்ஸ்’, நமது என்டிட்டி ஐடி. கடைசியில் ஆட்ரிபியூட்டுகள். மேப்பருக்கு வேண்டிய முழுப் பெயரை இங்கிருந்தே காப்பி செய்யலாம்.

இதிலும் பிடிபடவில்லை என்றால் கீக்ளோக்கில் சாமல் தொடர்பான லாகை ‘டீபக்’ நிலைக்குக் கொண்டுபோங்கள். வேலை முடிந்ததும் திருப்பிவிட மறக்காதீர்கள், முழுப் பதில்களும் லாகில் விழும்.

படி 8: லாகின் பக்கத்தையே எடுத்துவிடுவது

எல்லாம் ஓடுகிறது என்றான பிறகு மட்டும், ‘ஆதென்டிகேஷன்’ பகுதியில் ‘பிரவுசர்’ ஃப்ளோவைத் திறந்து, ‘ஐடென்டிட்டி புரொவைடர் ரீடைரக்டர்’ வரியின் பற்சக்கரத்தில் ஏலியஸைக் கொடுங்கள். கீக்ளோக் லாகின் பக்கம் காட்டாமல் நேரே என்ட்ராவுக்கு அனுப்பும். மாஸ்டர் ரியல்மில் இதைச் செய்யாதீர்கள். அங்கே ஓடிபியோடு கூடிய ஒரு உள்ளூர் நிர்வாகி கணக்கு எப்போதும் இருக்கட்டும், என்ட்ரா இணைப்பு அறுந்தாலும் உள்ளே போய்ச் சரிசெய்ய அதுதான் கதவு.

லாகவுட், வேலையை விட்டவர், சான்றிதழ்

மெட்டாடேட்டா ‘சிங்கிள் லாகவுட்’ முகவரியையும் நிரப்பியிருக்கும். அது இருந்தால் விக்கியிலிருந்து வெளியேறுபவர் பிரவுசரில் திறந்திருக்கும் அவுட்லுக்கிலிருந்தும் வெளியேறுவார். ஆளுக்கொரு கணினி உள்ள அலுவலகத்தில் இது எரிச்சல்தான், அந்தப் புலத்தைக் காலி செய்யுங்கள். பலர் ஒரே கணினியைப் பயன்படுத்தும் இடமென்றால் கட்டாயம் இருக்கட்டும்.

என்ட்ராவில் ஒருவரின் கணக்கை முடக்கினால் அவரால் புதிதாக லாகின் ஆக முடியாது. ஆனால் கீக்ளோக்கில் ஏற்கெனவே திறந்த செஷன் அப்படியே இருக்கும். இயல்பாக 30 நிமிடம் சும்மா இருந்தால் முடியும், தொடர்ந்து பயன்படுத்தினால் 10 மணி நேரம் வரை நீளும். உடனே வெளியேற்ற வேண்டியவர் என்றால் கீக்ளோக்கில் அவர் பெயரின் ‘செஷன்ஸ்’ டேபில் போய் லாகவுட் செய்யுங்கள்.

என்ட்ராவின் கையெழுத்துச் சான்றிதழ் இயல்பாக 3 ஆண்டு செல்லும். முடிவதற்கு 60, 30, 7 நாள் முன்பு மின்னஞ்சல் போகும், செயலியை உருவாக்கியவருக்கு. மூன்று ஆண்டில் அவர் அங்கேயே இருப்பார் என்று என்ன நிச்சயம்? சான்றிதழ் பெட்டியில் குழுவின் பொது மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள். மாற்றும்போது வரிசை முக்கியம்: என்ட்ராவில் புதிய சான்றிதழை உருவாக்குங்கள், செயல்படுத்தாதீர்கள். அதை இறக்கி, கீக்ளோக்கின் ‘வேலிடேட்டிங் எக்ஸ்509 சர்டிஃபிகேட்ஸ்’ புலத்தில் பழையதன் பின்னால் காற்புள்ளி போட்டு ஒட்டுங்கள். சேமித்த பிறகு என்ட்ராவில் புதியதைச் செயல்படுத்தி, இன்காக்னிட்டோ சன்னலில் லாகின் செய்து பார்த்துவிட்டுப் பழையதை எடுங்கள். புதிய கீக்ளோக் பதிப்புகளில் ‘யூஸ் மெட்டாடேட்டா டிஸ்கிரிப்டர் யூஆர்எல்’ என்ற தெரிவு இருக்கிறது. அதை இயக்கினால் சாவிகளை கீக்ளோக்கே என்ட்ராவிடமிருந்து எடுத்துக்கொள்ளும். சர்வருக்கு வெளியே போக வழி இருக்கும் வரை அதுவே வசதி.